வியாழக்கிழமைச் சண்டை

“கோச் பிரிக்ஸை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும்! பந்தை அவனவன் முன்னால தூக்கிட்டு ஓடறான், இந்த ஆளு உதைச்சு எதிராளிக்கே குடுக்கச் சொல்றாரு!” என்று ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் செய்து கத்தினார் வெர்னன்.

வழக்கமாக எகிறும் ராஸ்கோ, இன்னொரு லைனிலிருந்து, “நீ சொல்றதும் சரிதான்யா” என்றார்.

வெர்னனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மனைவி போய் மூன்று வருஷமாக, டட்டன்வில்லில் வெர்னன் தனியாகத்தான் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் அவரிடம் யாரும் பேசுவதில்லை. வியாழன் மாலை ஆறு மணிக்கு மட்டும், ஊர்க் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியைப் பற்றிய நிகழ்ச்சியில், அவரைப் போலவே போன் செய்யும் முகம் தெரியாத ராஸ்கோ அவரோடு மல்லுக்கு நிற்பார். வெர்னன் கோச்சைத் திட்டுவார். ராஸ்கோ கோச்சை விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த இருபது நிமிஷத்துக்காக வெர்னன் சவரம்கூடச் செய்துகொள்வார். ரேடியோவுக்கு எதற்குச் சவரம் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

உண்மையில், பேட்டிகூடக் கொடுக்காத அந்த உம்மணாமூஞ்சி கோச் மேல் அவருக்குப் பெரிய கோபம் ஒன்றுமில்லை. ராஸ்கோவைச் சீண்ட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் வெர்னன், கோச் வீட்டுப் புல்தரையில் ‘வீடு விற்பனைக்கு’ என்று ஒரு பலகையை நட்டார். தோற்கிற கோச்சுக்கு அந்த ஊரில் செய்யும் மரியாதை அது. அடுத்த வியாழன் ரேடியோவில் ராஸ்கோவை வம்புக்கு இழுத்தார்.

“பார்த்தியா ராஸ்கோ? உங்காளு வீடு விலைக்கு வந்துருச்சு!”

“பார்த்தேன். கோணலா இருந்துச்சு, நிமிர்த்தி வச்சேன்.”

“உனக்குக் கோபம் வரலையா?”

“அலுப்பா இருக்குய்யா.”

இது போதாது என்று வெர்னன், சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் மைதான வாசலில் இறைச்சி சுட்டுத் தின்றுகொண்டிருந்தவர்களிடம், கோச்சை நீக்கக் கோரிக் கையெழுத்து வேட்டையில் இறங்கினார். பத்துப் பேர் போட்டால் அதிகம் என்று நினைத்தார். அன்று அணி நாற்பத்தைந்துக்கு மூன்று என்று தோற்றது. திரும்பி வந்த கூட்டம் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டது. நாலாயிரம் பேர்! யாரோ அதைக் கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுக்க, செவ்வாய்க்கிழமை கோச்சுக்குச் சீட்டுக் கிழிந்தது.

ஊரே வெர்னனின் முதுகில் தட்டியது. தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

வியாழன் வந்தது.

“ஜெயிச்சுட்டீங்கண்ணே!” என்றான் நிகழ்ச்சி நடத்தும் லமார்.

“ராஸ்கோ லைன்ல இருக்காரா?”

“காணோமே.”

“வேற யாராவது என்னைத் திட்டணும்னு...”

“எல்லாரும் உங்க பக்கம்தாண்ணே.”

வெர்னனுக்கு அழுகை வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும், நிலையத்தில் போன் எடுக்கும் டார்லீனைக் கூப்பிட்டார்.

“ராஸ்கோ நம்பரைக் குடும்மா. நான் பண்ணது தப்புன்னு சொல்லிடறேன். கோச்சைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கையெழுத்து வாங்கறேன். அந்த மனுஷன் ஒரு தடவை என்னோட சண்டை போட்டாப் போதும்.”

டார்லீன் குரலைத் தாழ்த்தினாள்.

“யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு சார். ராஸ்கோன்னு பேர் வச்சுப் பேசினவரு வேலையைத்தான் நீங்க செவ்வாய்க்கிழமை பறிச்சுட்டீங்களே. ‘இந்த ஊர்ல என்கிட்ட பேசின ஒரே மனுஷன் வெர்னன்தான்’னு சொல்லிட்டு, காலையில வண்டி ஏறிட்டாரு.”