மருந்தால் எவ்வளவு, முயற்சியால் எவ்வளவு

எடையளவுத் துறை என்று ஒன்று இருக்கிறது. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதும், கிலோவுக்கு ஐம்பது கிராம் ஏமாற்றுகிறவனைப் பிடித்து அபராதம் போடுவதும் அதன் வேலை. நாட்டில் யார் பொய் சொன்னாலும் தராசு பொய் சொல்லக் கூடாது என்று அதன் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மா அங்கே பத்தொன்பது வருடமாக எழுத்தர்.

அதில் பதினோரு வருடமாக அவள் கள ஆய்வாளர் பதவிக்குக் காத்திருந்தாள். படிப்பு இருந்தது, தேர்வு எழுதித் தேறியிருந்தாள், மூப்புப் பட்டியலில் முதல் பெயரும் அவளுடையதுதான். இடித்தது ஒரே ஒரு விதி. கள ஆய்வாளர் எண்பது கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். லாரி எடைமேடைக்கு அடியில் ஒரு குழி உண்டு. அதில் இறங்கித்தான் சோதிக்க வேண்டும். இறங்குகிற இரும்பு ஏணி எண்பதுக்கு மேல் தாங்காது. இந்த விதியை நான்கூட ஒத்துக்கொள்கிறேன். ஏணியோடு யார் வாதாட முடியும்?

அம்மா தொண்ணூற்று நாலு. முழங்கால் வலி, சர்க்கரை, மூன்றாவது மாடியில் இருக்கை. மருத்துவர் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியை எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: "இது பசியோட சத்தத்தைக் குறைக்கும்மா, அவ்வளவுதான். அந்த அமைதியில என்ன சாப்பிடறீங்க, எவ்வளவு நடக்கறீங்கங்கறது உங்க வேலை. ரெண்டும் சேர்ந்துதான் மருந்து."

அம்மா அதை அரசாணை மாதிரி எடுத்துக்கொண்டாள். முதல் மாதம் குமட்டலோடு மல்லுக்கட்டினாள். தட்டில் பாதி காய், பிறகு பயறு அல்லது முட்டை, மிச்சமிருந்தால் சோறு. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடை. எடை குறையும்போது தசையும் கூடவே போய்விடும், எதையாவது தூக்குங்கள் என்று மருத்துவர் சொன்னதால், அலுவலகக் கிடங்கில் கிடந்த ஐந்து கிலோ இரும்பு எடைக்கற்கள் இரண்டை மதிய இடைவேளையில் தூக்கினாள். தேய்ந்துபோனதால் துறை கழித்துப்போட்ட கற்கள். பதினாலு மாதத்தில் எழுபத்தொன்பது கிலோ. அலுவலக மேடைத் தராசில், சாட்சிகள் முன்னிலையில்.

விண்ணப்பத்தில் "எடை குறைந்த விதம்" என்று ஒரு கேள்வி இருந்தது. அம்மா உண்மையை எழுதினாள். அங்கேதான் பிடித்தது சனி.

ஏனென்றால் அந்த அலுவலகத்தில் அப்போது ஆரோக்கியம் பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் பதினெட்டு கிலோ குறைத்திருந்தார். எல்லாம் காலையில் வெறும் வயிற்றில் குடித்த எலுமிச்சைத் தண்ணீர் என்று அவரே சொன்னார், ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். "இயற்கையே போதும்" என்று படிக்கட்டு தோறும் பலகை வைத்தார். கண்காணிப்பாளரும் மூத்த ஆய்வாளரும் அதே தண்ணீரைக் குடித்து அதே மாதிரி இளைத்தார்கள். குடித்தும் இளைக்காத மற்ற நாற்பது பேரிடம் மனவுறுதி இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. முதுகுக்குப் பின்னால் இயக்குநருக்கு எலுமிச்சை ஐயா என்று பெயர்.

இந்த மூவரையும் கொண்டே அம்மாவின் விண்ணப்பத்தை ஆராயக் குழு அமைந்தது. குழு ஒரு படிவம் தயாரித்தது. அதில் இரண்டே கட்டங்கள்: மருந்தால் குறைந்தது, முயற்சியால் குறைந்தது. இரண்டும் சேர்ந்து என்று எழுத மூன்றாவது கட்டம் இல்லை. மருத்துவரிடம் பிரித்துத் தரும்படி கடிதம் போனது. பிரிக்க இயலாது என்று அவர் ஒரே வரியில் பதில் போட்டார். "மருத்துவர் ஒத்துழைக்கவில்லை" என்று குழு குறித்துக்கொண்டு, பிரிக்கும் வேலையைத் தானே ஏற்றது. அளப்பதுதானே அவர்கள் தொழில்.

ஊசி வாரம் நூற்று அறுபத்தெட்டு மணி நேரமும் உடம்பில் வேலை செய்கிறது. நடை வாரம் இரண்டரை மணி நேரம். குறைவாகச் சாப்பிட்டது செயல் அல்ல, செயலின்மை, எனவே சேராது. இரும்புக் கற்கள் துறையால் கழிக்கப்பட்டவை. சட்டப்படி அவை எடையே அல்ல. ஆகவே விண்ணப்பதாரர் எதையும் தூக்கவில்லை. இப்படியாகப் பதினைந்து கிலோவில் முயற்சியால் குறைந்தது இருநூற்று இருபது கிராம். மருந்தால் குறைந்ததைத் திரும்பக் கூட்டினால் அம்மாவின் அலுவல் எடை தொண்ணூற்று மூன்று கிலோ எழுநூற்று எண்பது கிராம். கையெழுத்துப் போட்டு, துறை முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் நான் ஆடிய ஆட்டத்தை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஏணிக்கு என்ன தெரியும், ஊசியில் குறைந்த கிலோ எது, நடந்து குறைந்த கிலோ எது என்று கேட்டேன். எழுபத்தொன்பதைத் தொண்ணூற்று மூன்று என்று ஒரு மளிகைக் கடைக்காரர் சொல்லியிருந்தால் கடைக்குப் பூட்டு விழுந்திருக்கும், இவர்கள் முத்திரையோடு சொல்கிறார்கள் என்று கத்தினேன். ஊசி போட்டுக்கொண்டு உண்மையை மறைக்கிற ஒவ்வொருத்தரும் உன் மாதிரி ஆட்களுக்குத் துரோகம் செய்கிறார்கள், நீ விடக் கூடாது என்று கைதட்டலுக்குக் காத்திருக்கும் தோரணையில் முடித்தேன். அம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டியா? உப்பை எடு" என்றாள்.

ஆனால் மேல்முறையீடு செய்தாள். விசாரணை நாளில் நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன். இயக்குநர் மிகுந்த அனுதாபத்தோடு பேசியிருக்கிறார். ஏணி தாங்கும், விதி தாங்காது என்றாராம். கண்காணிப்பாளர் மனவுறுதியைப் பற்றிக் கொஞ்சம் பேசினாராம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் என்று எழுந்திருக்கிறாள்.

"மருந்தைத் திரும்பக் கூட்டற விதி எல்லாருக்கும் பொதுதானே, ஐயா?"

"சந்தேகமென்ன? தராசுக்கு முன்னாடி எல்லாரும் சமம்."

"இல்லை, மூணாவது மாடிக் குளிர்பெட்டியில என் ஊசி டப்பாவைப் பேர் எழுதி வெச்சிருக்கேன். அதே மாதிரி டப்பா இன்னும் மூணு, எலுமிச்சம்பழப் பையில இருக்கு. பேர் இல்லை. யாரோடதுன்னு தெரிஞ்சா, மாத்தி எடுத்துடாம இருக்கலாமேன்னுதான்."

மூத்த ஆய்வாளர் தண்ணீர் குடித்தார். எலுமிச்சை பிழியாத தண்ணீர். பிறகு இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குளிர்பெட்டி இக்குழுவின் அதிகார வரம்புக்குள் வராது என்று தீர்ப்புச் சொல்லி விசாரணையை ஒத்திவைத்தார்.

ஒரு வாரத்தில் திருத்த ஆணை வந்தது. ஊசி போட வேண்டிய நாளை நினைவு வைத்திருந்து, குளிர்பெட்டியைத் திறந்து, மூடியைக் கழற்றி, தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வது அபாரமான மனவுறுதி தேவைப்படும் செயலாதலால், இனி மருந்தும் முயற்சியாகவே கருதப்படும். முதல் கட்டம் நீக்கப்படுகிறது. இந்த ஆணை பதினெட்டு மாதம் முன்தேதியிட்டு அமலாகும். அம்மா ஊசி போட ஆரம்பித்துப் பதினாலு மாதம்தானே, பதினெட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எலுமிச்சைத் தண்ணீருக்கு வயது பதினெட்டு மாதம்.

திருத்த ஆணையை மற்ற நாற்பது பேரும் கவனமாகப் படித்தார்கள். குத்திக்கொண்டால் போதும், அதுவே முழு முயற்சி என்று அரசாங்கமே சொன்ன பிறகு யார் நடப்பார்கள்? காலை நடைக் குழு கலைந்தது. மருத்துவரைப் பார்க்காமலே யாரிடம் ஊசி கிடைக்கும் என்று அம்மாவிடம் ஏழு பேர் கேட்டார்கள். மருத்துவர் சொன்னது முழுவதையும் அவள் ஏழு பேருக்கும் ஏழு முறை சொன்னாள். காய், பயறு என்ற இடம் வரும்போது ஏழு பேருக்கும் அவசர வேலை வந்தது.

அம்மாவுக்குப் பதவி கிடைத்தது. முதல் நாள் குழியில் இறங்கினாள். ஏணி அவளிடம் எந்தப் படிவமும் கேட்கவில்லை. மேடை பன்னிரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது என்று எழுதிவிட்டு மேலே வந்தாள். வீட்டுக்கு வரும்போது முழங்காலில் கிரீஸ், முகத்தில் பதினோரு வருடத்துச் சிரிப்பு.

செய்தி சொந்தத்துக்குள் பரவி, பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். பதவியைப் பற்றி அரை நிமிடம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஏண்டி, போட்டோ பார்த்தேன். உங்கம்மா பாதியாயிட்டாளே, என்ன பண்ணினா? ஊசி கீசி ஏதாவதா? அப்படின்னா அதெல்லாம் கணக்குல வராதுடி."

நான் வாயைத் திறந்தேன். முதல் மாதக் குமட்டல், பதினாலு மாத நடை, இரும்புக் கற்கள், மருத்துவர், இரண்டும் சேர்ந்துதான் மருந்து என்ற முழு வாதமும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"சேச்சே, ஊசியெல்லாம் ஒண்ணுமில்லை பெரியம்மா. வெறும் நடைதான்" என்றேன். "அப்புறம், காலையில கொஞ்சம் எலுமிச்சைத் தண்ணி."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா தட்டில் இருந்த காயைக் கடைசித் துண்டு வரை மென்று விழுங்கினாள். அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இப்ப நீ சொன்னது எந்தக் கட்டத்துல வரும்?"