குடை எடுத்துட்டியா?

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியின் தூணும் துருப்பிடித்த ஆணியுமான உன் தாய்மாமன், அன்பு மருமகளுக்கு ஆசி கூறி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் அம்மா நம்புகிறாள், நான் நம்பவில்லை. இனி நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

நீ விட்டுப்போன ஜன்னலோர மேஜைக்கு ஒரு மீசைக்காரரைப் போட்டிருக்கிறார்கள். மனுஷர் வருவதற்குக் கால் மணி முன்னாலேயே மீசை வந்துவிடுகிறது. புதியவருக்கு நம் கம்பெனியின் நடைமுறைகளைப் புரியவைக்கும் மாபெரும் பொறுப்பு, வேறு யாருக்கு, எனக்குத்தான். ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைப்போம், நம்ம லிஃப்டைத் தொடமாட்டோம், படிதான் என்றேன். தலையாட்டினார். மேனேஜர் தும்முகிற அன்றைக்கு லீவு கேட்கக் கூடாது என்றேன். அதற்கும் ஆட்டினார். சாயங்காலம் பையைத் தூக்கினாரோ இல்லையோ, ஆபீஸே எழுந்து நின்று ஒரே குரலில், "குடை எடுத்துட்டியா?" என்று கத்தியது பார்! வெளியே ஸ்டேப்ளர் பின் உருகுகிற வெயில். மீசை நடுங்கிப்போச்சு.

"இந்த வெயில்ல எதுக்கு சார் குடை?"

"அது இங்கத்த சம்பிரதாயங்க. அந்த நாற்காலில ஒருத்தி இருந்தா. தினம் குடையை மறப்பா, தொப்பலா நனைவா, மறுநாள் தும்மிக்கிட்டே வருவா. அதனால அங்கேருந்து யார் எழுந்தாலும் கேட்டாகணும்."

"நான் எதையும் மறக்கமாட்டேன் சார்."

"அப்ப நீங்க எங்களுக்குச் சரிப்படமாட்டீங்க!"

அங்கே வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்து கேட்கிறார்களாமே? போடாதே, வந்துவிடு. நீ போனதிலிருந்து ஊர் லிஃப்டெல்லாம் கீழேதான் இறங்குகிறது, மேலே ஏறமாட்டேன் என்று அடம். மேனேஜர் அழுத கண்ணீரை வாளி வாளியாக மாடிப்படியில் இறக்கி ஊற்றி என் இடுப்பே போச்சு.

எங்கேயும் நடுவில் சிக்காமல் மாடி மாடியாக உயர்ந்து வாழ்க.

மாமா

பி.கு.: மேனேஜர் அழவில்லை. லிஃப்டுகள் மேலேயும் போகின்றன. மீசைக்காரர் கெட்டிக்காரர், அந்த மேஜை அவருக்கே இருக்கட்டும். நீ தாராளமாகக் கையெழுத்தைப் போடு. அங்கே மழை அதிகமாமே, புதுக் குடை ஒன்று வாங்கிக்கொள். பழசு இங்கே கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, யாரையும் தொடவிடவில்லை. ஆபீஸெல்லாம் ஒன்றும் கத்தவில்லை. நான் ஒருத்தன்தான் கத்தினேன், உன் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டு, தலை நிமிராமலே. அது மட்டும் நிஜம்.