சொன்னதோடு நாலு

கொதிக்கக் கொதிக்க வந்த டீயை அவர் முதல் வாய் உறிஞ்சும்போது கவனித்துப் பாருங்கள். நாக்கு வெந்துவிட்டது, எதிரில் நிற்கிற நமக்கே அது தெரிகிறது. ஆனால் அவர் துப்புவதில்லை, ஊதுவதில்லை, 'ஆ' என்று வாயைத் திறப்பதில்லை. அந்த ஒரு வாய் டீயை வலக் கன்னத்தில் கொஞ்ச நேரம், இடக் கன்னத்தில் கொஞ்ச நேரம் என்று குடிவைத்து, இமையை ஒரே ஒரு முறை மூடித் திறந்து, கண்ணில் தண்ணீர் தளும்பத் தளும்ப விழுங்கிவிடுவார். கடைக்காரர் "ரொம்பச் சூடா சார்?" என்று கேட்டால், "பரவாயில்லை, பரவாயில்லை" என்பார். இரண்டு தடவை. ஒன்று கடைக்காரருக்கு, மற்றொன்று டீக்கு. டீயின் மனசும் நோகக் கூடாது அல்லவா?

இவர்தான் பரவாயில்லைக்காரர். தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு இனம். சத்தம் போடாததால் தொகை தெரிவதில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்பவர், முடி வெட்டுகிற கடையில் கத்தி காதோரம் கீறியதும் கண்ணாடியைப் பார்த்து "லேசாத்தான்" என்று சிரிப்பவர், செருப்புக் கடையில் சுண்டுவிரல் மடங்கிக் கிடக்க "கச்சிதமா இருக்கு" என்று காசைக் கொடுத்துவிட்டு வீடு வரைக்கும் நொண்டுகிறவர், எல்லோரும் ஒரே குலம்.

நம்முடைய பரவாயில்லைக்காரருக்கு வாய்த்த உத்தியோகம்தான் வேடிக்கை. குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டர்! கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊராரின் முறையீட்டைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். குழாய் சொட்டுகிறது என்று வருகிறவரும் "சார், உயிர் போகுது" என்றுதான் ஆரம்பிப்பார். வாரக்கணக்கில் ஒரு சொட்டுக்கூட வராதவரும் "உயிர் போகுது" என்பார். இத்தனை உயிர் போவதைக் கேட்டதில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது: கஷ்டத்தைப் பெரிதாகச் சொல்வது ஒருவகைப் பேராசை. வரிசையில் பின்னால் நிஜமாகவே கஷ்டப்படுகிற யாரோ நிற்கக்கூடும். அவருக்கு இடம் விட வேண்டும். அதனால்தான் அவர் வீட்டுக் குழாயே வறண்டு கிடந்த கோடையில், அதே கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, எல்லார் புகாரையும் பதிந்தவர் தன் புகாரைப் பதியவில்லை. வீட்டம்மா அடுத்த தெருவிலிருந்து வாளி சுமந்தார்.

அப்பேர்ப்பட்டவரின் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது.

பல மாதமாக இருமியதை அவர் 'தொண்டைக் கமறல்' என்று பெயர் சூட்டி வளர்த்துவந்தார். வீட்டம்மா சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். படம் எடுத்தார்கள். வலது நுரையீரலின் பின்பக்கம், பட்டாணி அளவுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. கெட்டதா, பழைய சளி விட்டுப்போன தழும்பா? அது படத்துக்குத் தெரியாது. முதுகு வழியாக ஊசி விட்டு, அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். துணுக்கு சரியாகக் கிடைக்காவிட்டால் மார்பைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதையெல்லாம் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "ரெண்டே விஷயம் சார். ஊசி உள்ள இருக்கறப்ப அசையக் கூடாது. வலிச்சா, அசையறதுக்கு முன்னாடி வாயால சொல்லிடணும். மரத்துப்போற மருந்து வேணுங்கற அளவு இருக்கு. ஆனா நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்? சைபர்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. நம்பரைச் சொன்னாப் போதும்" என்றார்.

"சரிங்க டாக்டர்."

வீட்டம்மா டாக்டரைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு சுழலாத மின்விசிறியைப் பார்த்தார். சாமி படம் மாட்டாத இடத்தில் முறையிடுவதற்கு வேறு எதைத்தான் பார்ப்பது?

குறித்த நாளில் டாக்ஸி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. அவர் முதலில் இறங்கினார். பயம் இருந்தது, பயந்தால் அவருக்குக் கை வேகம் அதிகம். பின்னாலேயே இறங்கிய வீட்டம்மா பையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே இவர் கதவை அடித்துச் சாத்தினார். "ஸ்" என்று ஒரு சத்தம். கதவு திரும்பத் திறந்து மூடியது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீங்க நடங்க."

நடந்தார். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் வீட்டம்மா நர்ஸின் காதருகே குனிந்து ஏதோ சொன்னதும், நர்ஸ் சிரித்ததும் அவர் கண்ணில் பட்டது. கேன்டீன் எந்தப் பக்கம் என்று கேட்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே ஒரே குளிர். பெரிய வளையம்போல இயந்திரம்; அதன் வாய்க்குள் போய்ப் போய் வருகிற பலகை. அந்தப் பலகையில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டவைத்து, ஒரு கன்னத்தைத் தலையணையில் அழுத்தினார்கள். "வசதியா இருக்கா ஐயா?" என்று நர்ஸ் கேட்டார். மூக்கு பாதி மூடியிருந்தது. தோள் பிசகியது. "ரொம்ப வசதி" என்றார்.

கண்ணுக்கு நேரே சுவரில் ஒரு படம். வரிசையாக வட்ட முகங்கள்: முதல் முகம் சிரிக்கிறது, அடுத்தது கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது, அப்படியே போய்க் கடைசி முகம் தாரை தாரையாகக் கண்ணீர் விடுகிறது. வலியைக் கைகாட்டுவதற்கான படம். அவர் கடைசி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், யார் பெற்ற பிள்ளையோ!

மருந்து ஊசி முதுகுத் தோலில் இறங்கியது.

"எத்தனை சார்?"

"பரவாயில்லைங்க."

"பரவாயில்லைங்கறது நம்பர் இல்ல சார்."

"அப்போ... ஒண்ணு."

பலகை வளையத்துக்குள் போனது, வந்தது. மூச்சை இழுக்கச் சொன்னார்கள், பிடிக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். டாக்டரம்மா பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். "நுரையீரலுக்குள்ள வலி தெரியாது சார். அதைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு பாருங்க, ரோஷமெல்லாம் அதுக்குத்தான். அதைத் தொடறேன் இப்ப. எத்தனைன்னு சொல்லுங்க."

தொட்டார். விலா எலும்புக்கு நடுவே ஒரு நெருப்புக் குச்சி உரசி, தீ தோள்பட்டை வரைக்கும் ஓடியது. உள்ளிருந்து எண் ஒன்று கிளம்பியது. ஏழு. நேர்மையான, கலப்படமில்லாத ஏழு. ஆனால் பரவாயில்லைக்காரர்களின் உடம்பில் எந்த எண்ணும் கிளம்பிய உருவில் வாய்க்கு வந்து சேர்வதில்லை. ஏழா? ஏழு கேட்க நீ யார்? அந்தம்மா காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார், அதற்கு ஒன்றைக் கழி. வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், அதற்கு இரண்டு. சுவரில் அந்தக் கடைசி முகம் படும் பாட்டுக்கு முன்னால் இது எந்த மூலைக்கு? கழி. இப்படி நெஞ்சில் ஒரு சுங்கச்சாவடி, தொண்டையில் ஒரு சுங்கச்சாவடி என்று வரி கட்டிக் கட்டி, பல்லைத் தாண்டி வெளியே வந்தபோது மிஞ்சியது:

"ரெண்டு."

"அட, ரெண்டுதானா? பிரமாதம். மூச்சைப் பிடிங்க."

டாக்டரம்மா நம்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நம்பரைச் சொல்கிறவர் முகம் அந்தப் பக்கம். டாக்டருக்குத் தெரிவது முதுகு. ஊசி உறையைத் தாண்டியது. அப்போதுதான் அவருக்கு ஓர் உண்மை விளங்கியது: வாய்க்குத்தான் மரியாதை தெரியும், உடம்புக்குத் தெரியாது. பிடித்த மூச்சு 'ஹக்' என்று உடைந்தது. தோள் ஒரு துள்ளுத் துள்ளியது.

"அசையாதீங்க! அப்படியே இருங்க!"

அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பலகை உள்ளே போய் வந்தது. திரையைப் பார்த்த டாக்டரம்மா, "விலகிடுச்சு" என்று ஊசியைப் பின்னுக்கு இழுத்தார்.

"வலிச்சுதா சார்?"

"இல்லைங்க."

"அப்புறம் ஏன் துள்ளினீங்க?"

"அது... நான் இல்லைங்க. உடம்பு."

"உடம்பு உங்களுதுதானே?"

"ஆமாங்க. மன்னிச்சிருங்க."

"மன்னிப்பு இருக்கட்டும். எத்தனை?"

"ரெண்டு." மனசாட்சி குத்தியது. "ரெண்டரை."

டாக்டரம்மாவின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "சார், ஒரே ஒரு தடவைதான் இன்னும் பார்க்கலாம். மறுபடி துள்ளினீங்கன்னா நுரையீரல் கிழிஞ்சு சுருங்கிடும். இன்னிக்கு நிறுத்திட்டு ஆபரேஷனுக்குத்தான் அனுப்பணும்."

குப்புறக் கிடந்தவருக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். மார்பைத் திறப்பார்களா? தன் வாயாலேயா? அடுத்த தடவை ஏழு என்றால் ஏழு என்றே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். தீர்மானம் நெஞ்சில் பத்திரமாக இருந்தது. வாய்க்கு அது வந்து சேருமா என்பதில்தான் அவருக்கே சந்தேகம்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் டாக்டரிடம் ஏதோ கிசுகிசுத்தார். முகக்கவசத்துக்குள் ஒரு சிரிப்பு. "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார் டாக்டரம்மா. பிறகு, "சார், நீங்க பாட்டுக்கு நம்பரைச் சொல்லுங்க. கணக்கை நான் பாத்துக்கறேன்." மருந்து இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"இப்ப உறையைத் தொடறேன். எத்தனை?"

"மூணு" என்று சொல்லத்தான் நினைத்தார். "ஒண்ணு" என்று வந்தது.

"அப்போ அஞ்சு. சிஸ்டர், இன்னொரு தடவை மருந்து குடுங்க."

அவருக்கு ஆச்சரியம். ஒண்ணு என்றால் அஞ்சு என்கிறாரே! சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டபோது, "சைபர் டாக்டர்" என்றார்.

"நாலா? இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்."

பாவம், எவ்வளவு கெட்டிக்கார டாக்டர், கணக்கு மட்டும் வரவில்லையே என்று அவர் உள்ளம் உருகியது. "மூச்சைப் பிடிங்க" என்றார்கள். பிடித்தார். எங்கோ ஸ்டேப்ளர் அடித்தமாதிரி ஒரு 'டக்'. அவ்வளவுதான். தோள் அசையவில்லை. சின்னக் குப்பிக்குள் வெள்ளை நூல்போல ஒரு துணுக்கு மிதந்தது. "கிடைச்சாச்சு!" வாழ்க்கையில் அவர் சைபர் என்று சொல்லி, அது சைபராகவே இருந்தது அன்றுதான் முதல் தடவை.

பிறகு, நுரையீரல் சுருங்காமல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கும் வரைக்கும் வெளியறைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். வீட்டம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ்தான் போட்டு உடைத்தார்.

"ஐயா, தப்பிச்சது வீட்டம்மாவாலதான். 'அவர் என்ன சொன்னாலும் நாலு கூட்டிக்கோங்க'ன்னு உள்ள வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. நான்தான் விளையாட்டுன்னு விட்டுட்டேன்."

அவருக்குச் சுருக்கென்றது. "நாலா? எதுக்கு நாலு?"

"பின்ன? உங்களுக்குக் குடல் வெடிக்கறமாதிரி இருந்தப்ப 'லேசா வாயு'ன்னீங்க. கல்யாணம் ஆனதிலிருந்து கூட்டிக்கிட்டேதான் இருக்கேன்" என்றார் வீட்டம்மா.

அவர் வெட்கத்தோடு பார்வையைத் தாழ்த்தினார். தாழ்த்திய இடத்தில் வீட்டம்மாவின் வலது கை இருந்தது. கைக்குட்டையைச் சுற்றி மடியில் வைத்திருந்தார். பொட்டலத்தைப் பல்லால் ஏன் கிழிக்க வேண்டும்?

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. எங்கயோ பட்டுடுச்சு."

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"நம்பர்."

"ஐய, சும்மா இருங்க. ஒண்ணு."

பரவாயில்லைக்காரர் கைக்குட்டையை விலக்கினார். நடுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிப்போயிருந்தது. அவர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். நர்ஸ் அழுத்திப் படுக்கவைத்தார். படுத்தபடியே, ஆயுள் முழுக்கக் கம்பியின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுப் பழகிய குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"சிஸ்டர், ஒரு புகார்!"

"அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், நீங்க ஒண்ணு" என்று வீட்டம்மா கையை இழுத்துக்கொண்டார். நர்ஸ் விரலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இவங்க ஒண்ணுன்னு சொல்றாங்க. இவங்களுக்கு எத்தனை கூட்டணும் ஐயா?"

அவர் விரல்களை மடக்கி எண்ணப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்ததே இல்லை.

எக்ஸ்ரே அறை வாசலில் இருவரும் ஒன்றாகக் காத்திருந்தார்கள். அவருடைய நுரையீரல் நன்றாக இருந்தது. வீட்டம்மாவின் விரல் எலும்பில் கீறல் இருந்தது.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்தபோதே மரத்துப்போன அந்தக் காலை, பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சலாகுமே என்று இன்னும் நீட்டாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கு எத்தனை? சரி, உங்கள் எண்ணை நான் நம்பப்போவதில்லை. உங்களுக்கு எத்தனை கூட்ட வேண்டும் என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? அதைவிட முக்கியம், அப்படித் தெரிந்தவருக்கு எத்தனை கூட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?

துணுக்கின் முடிவு வந்த அன்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: பழைய தழும்புதான், இருமலுக்கு மாத்திரை போதும். திரும்பும்போது டாக்ஸியில் வீட்டம்மாவை முதலில் ஏறவைத்து, கட்டுப் போட்ட விரல், போடாத விரல் எல்லாம் உள்ளே போய்விட்டதா என்று குனிந்து பார்த்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு, மறுபக்கம் சுற்றி வந்து அவர் உட்கார்ந்தார். டாக்ஸி கிளம்பியது. வீட்டம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

"அன்னிக்கும் இப்படிச் சாத்தியிருக்கலாம்."