போன் வைத்தால் ஐந்து

"என்ன கேஷியர், சுவர் மறுபடியும் ஆடுது?"

இண்டர்காமில் மேனேஜரின் குரலைக் கேட்டதும் கேஷியர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"லாரி போயிருக்கும் சார்."

"நேத்தும் அதையேதான் சொன்னீங்க." போனை வைத்துவிட்டார்.

ஆட்டுவது லாரியல்ல, கேஷியர்தான். அவர் அறையில் மற்ற மூன்று பக்கமும் இரும்புப் பெட்டி, கவுன்ட்டர், கதவு. மேனேஜர் அறையை மறைக்கும் பலகைச் சுவர் மட்டும்தான் காலி. ஆபீசுக்கு வந்து எல்லோரையும் பரிசோதித்த டாக்டர், "ஒரேயடியா மூச்சு முட்ட எக்சர்சைஸ் பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவை போனை வைக்கும்போதும் சுவத்துல கை ஊன்றி அஞ்சு தரம் தள்ளுங்க. களைப்பே தெரியாம பலம் ஏறும்" என்றிருந்தார்.

ஏறவும் செய்தது. மகளைத் தூக்கினாலே நடுங்கிய கைகள் இப்போது அவளைத் தோளில் உட்கார வைத்தன. அந்தப் பழக்கத்தை விட்டுவிட அவருக்கு மனசே வரவில்லை.

மெதுவாகத் தள்ளிப் பார்த்தார்.

"இப்ப கிரீச்சுன்னு சத்தம் வேற வருது" என்றார் மேனேஜர்.

இடது ஓரமாக நகர்ந்து தள்ளினார்.

"இடது பக்கமும் ஆட ஆரம்பிச்சிருச்சு கேஷியர்."

புகார் வருவதும் போனில்தான். போனை வைத்தால் தள்ள வேண்டும். தள்ளினால் அடுத்த புகார். உடம்பைத் தேற்றப் போய், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

பயந்துபோய் அடியோடு நிறுத்தினார். அடுத்த முறை போனை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதும் சுவர் ஆடியது. காலண்டர் குதித்தது. தான் ஆட்டியதில் ஆணியெல்லாம் கழன்றுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

இன்ஜினியர் வந்தார். சுவரைத் தட்டினார், தாடையைச் சொறிந்தார், "என்னால உத்தரவாதம் தர முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பேசாம இந்தக் கிளையையே மூடச் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார் மேனேஜர்.

எத்தனை பேர் பிழைப்பு. கேஷியரால் தாங்க முடியவில்லை. மேனேஜர் அறைக்குள் போய் நின்றார். டீ கொண்டுவரும் அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார். உடம்பு பலத்துக்காகப் போனை வைக்கும்போதெல்லாம் சுவரைத் தள்ளினேன். இப்ப விட்டுட்டேன், ஆனா அது தானா ஆடுது. என்னை மட்டும் அனுப்பிடுங்க சார், மத்தவங்களை விட்ருங்க."

மேனேஜரின் காது சிவந்தது.

அந்த அம்மா நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க போனை வச்சுட்டு இந்தப் பக்கமிருந்து தள்ளும்போதெல்லாம் சுவர் திருப்பித் தள்ளுதுன்னு நடுங்கினீங்களே சார், அது இவர்தானா?"