நாப்பதண்ணன் அறுபதில் போன நாள்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், சக்கரம் வைத்த அத்தனையாலும் முந்தப்பட்ட ஒரே மனிதர் எங்கள் நாப்பதண்ணன்தான். பஸ், லாரி, கரும்பு டிராக்டர், கோழிக்கூடை கட்டிய மொபெட் என்று எல்லாரும் அவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒரு தடவை இறக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் முந்தினார். முந்தும்போது பாவம், திரும்பிப் பார்த்து, “மன்னிச்சிக்கங்கண்ணா” என்றார். அண்ணன் பெரிய மனதோடு தலையசைத்தார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு விதைக் கம்பெனியின் திண்டிவனம் கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன். மல்லாட்டை விதை, அதாவது நிலக்கடலை விதை, வாங்கிய ஊர்களுக்குப் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்காகக் கம்பெனி வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தவர்தான் அண்ணன். அவருடைய ஜீப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. எங்கள் இரண்டு பேருக்குமே மூத்தது. வெள்ளைப் பெயின்ட் உரிந்த இடத்திலெல்லாம் பழைய பச்சை எட்டிப் பார்க்கும்.

சேற்றில் அந்த ஜீப் ராஜா. கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். முகையூர்ப் பக்கம் அடைமழையில் புதைந்துபோன டிராக்டரை அது கயிறு கட்டி வெளியே இழுத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஊரே கை தட்டியது. அங்கிருந்து தார் ரோட்டுக்கு ஏறியதும் ராஜா துறவியாகிவிடுவார். வேகம் காட்டுகிற முள் நாற்பதில் நிற்கும். அதற்கு மேல் போகாது.

முதல் நாளே கேட்டுவிட்டேன்.

“அண்ணா, கொஞ்சம் ஜல்தியா போலாமே?”

“போலாம் சார். நிறுத்தறது யாரு?”

பிறகு பொறுமையாக விளக்கினார். பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கும். ஐம்பதைத் தாண்டினால் ஸ்டீரிங் உதறும். அறுபதில் என்ன ஆகும் என்று அவரே பார்த்ததில்லை. “இது வயக்காட்டுக்குப் பொறந்த வண்டி சார். ரோட்டுக்கு விருந்தாளி. விருந்தாளி அடக்கமாத்தான் இருக்கணும்” என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோயில் குருக்களின் களை இருந்தது.

அப்போது அது இரண்டு வண்டி மட்டும் போகிற ரோடு. எங்கள் பின்னால் பஸ்ஸும் லாரியும் காருமாக ஒரு பெரிய வரிசை சேர்ந்துவிடும். ஒரு மழை நாளில் எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களைத் தொடர்ந்து வந்தன. விக்கிரவாண்டியில் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார்கள். யாரோ மந்திரி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. மரியாதையாகக் கும்பிட்டவர்களை ஏமாற்ற மனம் வராமல் நானும் கும்பிட்டேன்.

அடைமழை நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். வேகத்தை விரும்புகிற மனிதர். “என்னய்யா இது, பொணம் போற மாதிரி போறே?” என்று அதட்டினார். அண்ணன் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார். ஐம்பத்தைந்துக்குப் போனார். ஸ்டீரிங் மட்டும் அல்ல, மேனேஜரின் கன்னச் சதையும் உதறியது. மேலே போட்டிருந்த கித்தான் கூரை பட்டனைப் பிய்த்துக்கொண்டு எழும்பிப் போய் ஒரு புளியமரத்தில் உட்கார்ந்தது. கொட்டுகிற மழையில் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, “இப்ப நாப்பதுல போலாங்களா சார்?” என்று கேட்டார். மேனேஜர் அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அண்ணனுக்கு ஒரே பெண், வசந்தி. அவளை வைத்துத்தான் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கூட்டேரிப்பட்டில் டீ குடிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லுவார்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். வசந்தி கண்ணாலம் பண்ணிக்கினு போற அன்னிக்கு, இந்த வண்டியில நானே ஓட்டிக்கினு போயி அவள அந்த வீட்டு வாசல்ல எறக்கணும்.”

இந்த ஆசை வசந்தியின் காதுக்குப் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். “அப்ப நான் கண்ணாலமே பண்ணிக்கல” என்றாள். அவள் கஷ்டம் அவளுக்கு. ஜீப்பில் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் டவுன் பஸ் ஜன்னலிலிருந்து கூடப் படிக்கிறவர்கள் டாட்டா காட்டிக்கொண்டே கடந்து போவார்களாம். அப்புறம் அவளும் டவுன் பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். அண்ணன் அப்போதும் காலையில் ஜீப்பைத் துடைத்துவிட்டு, அந்த டவுன் பஸ் போகும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

நாலு வழிச் சாலை வந்தது. ரோடு அகலமானதும் எல்லாருக்கும் வெறி பிடித்தது. அண்ணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. இடது ஓரமாக அதே நாற்பது. ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் மறித்து, “இவ்ளோ ஸ்லோவா போனா பின்னால வர்றவன் இடிச்சிருவான்யா” என்றார். “அப்ப இடிக்கிறவனத்தானே சார் நிறுத்தணும்?” என்றார் அண்ணன், மிகுந்த பணிவோடு. போலீஸ்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். ஆனாலும் அண்ணனுக்கு உறுத்தல். ஜீப்பின் பின்னால் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை மாட்டினார்: ‘நாற்பதுதான். மன்னிக்கவும்.’

சில வருடம் கழித்து வசந்திக்குக் கல்யாணம். பத்திரிகையைப் பார்த்துத்தான் அண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு விழுப்புரம். திண்டிவனத்தில் தாலி கட்டிவிட்டு, அன்றைக்கே பெண்ணை அழைத்துப் போகிறதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்குள் பெண் கால் வைத்தாக வேண்டும். நாலு மணி வரைக்கும் போட்டோகாரர் விட்டபாடில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் புதுக் காருக்குப் பூ அலங்காரம் செய்து தயாராக வைத்திருந்தார்.

நாப்பதண்ணன் விடியற்காலையிலேயே ஜீப்பைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, முன்சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டிருந்தார். அவர் மனைவி வந்து பார்த்துவிட்டு, “பொண்ணு கார்ல போவட்டும். நீங்க பாத்திரத்த ஏத்திக்கினு பின்னால வாங்க” என்றார். அண்ணன், “செரி” என்றார். அந்தப் புது உறைமேல் நான் உட்கார்ந்தேன், மடியில் குத்துவிளக்கோடு. என் வாழ்நாளில் அவ்வளவு கூச்சமாக எந்த சீட்டிலும் உட்கார்ந்ததில்லை.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கார் கண்ணுக்கு மறைந்துவிட்டது. அண்ணன் நாற்பதில் போனார். பிறகு நாற்பத்தைந்து. நான் முள்ளைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். ஐம்பது. ஸ்டீரிங் உதற ஆரம்பித்தது. பின்னால் அண்டாவும் குடமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அலறின. முள் அறுபதுக்கு வந்தது.

“அண்ணா, மெதுவா போங்கண்ணா” என்று வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவரிடம் கெஞ்சினேன்.

“அவ போய்க்கினே இருக்கா சார்” என்றார்.

நான் குத்துவிளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டி ரோட்டோரம் பூ வைத்த கார் நின்றிருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வசந்தி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா வருகிறாரா என்று பார்க்கத்தான் காரை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் பிரேக்கை மிதித்தார். ஜீப் காரைத் தாண்டிப் போய், இடது பக்கம் இழுத்து, மண்ணில் இறங்கி நின்றது. அவள் ஓடி வந்தாள்.

“அறிவிருக்காப்பா ஒனக்கு? இந்த வண்டிய இவ்ளோ வேகமா ஓட்டிக்கினு வர்றியே, எதுனா ஆச்சின்னா நான் என்னா பண்ணுவேன்?”

இத்தனை வருடத்தில் வேகமாகப் போனதற்காக அண்ணனை யாரும் திட்டியதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வசந்தி என்னைப் பார்த்து, “சார், நீங்க கார்ல வாங்க” என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறினாள். மாப்பிள்ளை பின்னால் ஏறி அண்டாவுக்கும் குடத்துக்கும் நடுவில் மடங்கி உட்கார்ந்தார். நல்ல பையன்.

“அய்யோ, ராகுகாலம் வந்துரும்மா!” என்று பதறினார் மாப்பிள்ளையின் அண்ணன்.

“வந்துட்டுப் போவட்டும் மாமா” என்றாள் வசந்தி.

அலங்காரக் காரின் பின்சீட்டில் நான் குத்துவிளக்கோடு தனியாக உட்கார்ந்திருக்க, புதுக் கார் அந்தப் பலகையைப் பார்த்தபடி நாற்பதில் பின்தொடர்ந்தது. டோல்கேட்டில் இருந்த பெண் கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற ஆவலில் உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் புன்னகைத்தேன். அவள் புன்னகைக்கவில்லை.

விழுப்புரம் போய்ச் சேரும்போது ராகுகாலம் பாதி ஓடியிருந்தது. முடியும்வரை வாசலுக்கு வரக் கூடாது என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டதால் ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்தினார்கள். நான் காரிலிருந்து இறங்கிப் போய் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். களைப்பில் வசந்தி அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அவள் விழித்துவிடுவாளோ என்று அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ராகுகாலம் இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்று கடவுளை வேண்டிக்கொண்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.