கொதிக்காத குடோனுக்கு ஒரு சைரன்

புதிதாகப் பட்டம் வாங்கிய இன்ஜினியரிடமிருந்து உறவினர்களைக் காப்பாற்ற இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. இருந்திருந்தால் என் மாமா என்னைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தியிருப்பார்.

சாத்தூர்ப் பக்கம் மாமாவுக்கு ஒரு சின்னப் பட்டாசு கம்பெனி. கோடையில் குடோன் எவ்வளவு சூடாகிறது என்பதே அவருடைய தீராத கவலை. நானோ எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, உலகம் என்னைக் கண்டுகொள்ளக் காத்திருந்தேன். (உலகத்துக்கு அவசரமில்லை.)

"குடோன் சூடானா ஆபீஸ்ல சைரன் அடிக்கிற மாதிரி ஒரு மிஷின் செஞ்சு தாரேன் மாமா" என்றேன்.

குடோனின் வெளிச்சுவரில் சென்சார். மற்றதெல்லாம் தூரத்தில் இருந்த ஆபீசில். சென்சார் தருவது எறும்பு மூச்சு அளவு வோல்டேஜ். அதை ஆம்ப்ளிஃபையர் பல நூறு மடங்கு பெருக்கும், ஒரு சிப் எண்ணாக மாற்றும். ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கு நல்லது கெட்டது தெரியாது. வந்ததையெல்லாம் பெருக்கும். போதாததற்குத் தன் பங்குக்கும் ஒரு பொய் வோல்டேஜைச் சேர்த்துக்கொள்ளும். அதற்குப் பெயர் ஆப்செட்.

மாலையில் சோதித்தபோது, சென்சாரைக் கழற்றிப் பூஜ்யம் கொடுத்தும் திரையில் ஏழு டிகிரி நின்றது. பெருந்தன்மையாக புரோகிராமில் அந்த ஏழு டிகிரியைக் கழித்துவிட்டேன். ஆம்ப்ளிஃபையருக்குச் சூடு ஏற ஏற அந்தப் பொய்யும் ஏறும் என்று புத்தகத்தில் ஒரு முழுப் பாடமே இருந்தது. (பரீட்சைக்கு வராது என்று சீனியர் சொன்னதால் படிக்கவில்லை.) சென்சார் வயரையும், பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று, போர்வெல் மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டினேன்.

பாதுகாப்பு ஆய்வுக்கு அதிகாரி வந்த நாளில்தான் மாமா அதைக் காட்டினார். உச்சி வெயில். தகரக் கூரை போட்ட ஆபீசுக்குள் மிஷினே வெந்துகொண்டிருந்தது.

"என் மாப்ள செஞ்சது சார். குடோன் சூட்ட இங்கன உக்காந்தே பாத்துக்கிடலாம்."

"எண்ணு ஏறிக்கிட்டே போகுதே?" என்றார் அதிகாரி.

"வெயில் சார்" என்றேன், விஞ்ஞானியின் நிதானத்தோடு.

அந்த நேரம் பார்த்து யாரோ தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் கேபிளின் இரைச்சல் என் வயரில் தாவியது. எண் துள்ளியது. சைரன் அலறியது.

எங்கள் வட்டாரத்தில் சைரன் அடித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஷெட்களிலிருந்து ஆட்கள் பொட்டலை நோக்கித் தெறித்து ஓடினார்கள். டீ கிளாசைப் போட்டுவிட்டு அதிகாரி எல்லோரையும் முந்தினார். பேச்சியம்மாக்கா என்ற தொழிலாளி, அடுத்த ஷெட்டில் இருந்த தங்கையின் பெயரைக் கத்திக்கொண்டே ஓடி, தடுக்கி விழுந்தார். முழங்கையில் ரத்தம். அதுவரை சிரித்துச் சமாளிக்கலாம் என்றிருந்த நான், சைரனை அணைத்துவிட்டு அவரிடம் ஓடினேன்.

மாமா மட்டும் குடோனுக்கு ஓடி, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஏலே, செவரு எப்பவும் போலத்தான் இருக்கு. உன் மிஷினுக்குத்தான் காய்ச்சல்!"

"ஆப்செட் மாமா..."

"ஆப்செட்டா? அது சிவகாசில காலண்டர் அச்சடிக்கிற மிஷினுலே! அத எதுக்கு இங்கன கொண்டாந்து மாட்டுன?"

கருவேல முள்ளைக் காலிலிருந்து பிடுங்கியபடி வந்த அதிகாரி, "ஆளுங்க வெளியேறின வேகம் திருப்தி" என்றார். என் மிஷினுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பேச்சியம்மாக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "காயம் ஆறிரும் தம்பி. பொய்யா அடிச்சுப் பழகிட்டா, நெசமா அடிக்கையில எவ ஓடுவா?" என்றார்.

அன்றே மிஷினைக் கழற்றினேன். விட்ட பாடத்தைப் படித்தேன். சூட்டுக்கு அசையாத ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். வயர்களை முறுக்கி, உலோக உறை போட்டு, மோட்டார் பக்கமே போகாமல் இழுத்தேன். பல அளவுகளின் சராசரியைப் பார்த்த பிறகே நம்பும்படி புரோகிராமை மாற்றினேன். மாமா ஒரு பகல் முழுக்க மோட்டாரைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். சைரன் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஊர் வாய் திறந்தது. என் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கிய கணத்தில், பந்தலில் இருந்த பேச்சியம்மாக்கா எழுந்து நின்று, "யாரும் ஓடாதீக! இது மேளந்தான்!" என்று கத்தினார். கம்பெனி சனம் மொத்தமும் சிரித்த சிரிப்பில், மூன்றாம் முடிச்சைப் போட எனக்குக் கை ஓடவில்லை. மணப்பெண் தலையைத் திருப்பி, "எதுக்கு ஓடணும்?" என்று கேட்டாள். மேடையிலேயே மாமா அவளுக்கு விளக்கிவிட்டார்.

இப்போதும் குக்கர் விசில் அடித்தால் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வருகிறது: "ஓடாதீக, பருப்புத்தான்!"