ஒப்பாரிக்கு உரிமைப் பத்திரம்

"கடைக்கு சீல் வச்சுட்டா திரும்பத் தொறக்க விடுவாங்களா சார்?"

பஞ்சநாதன் இப்படிக் கேட்டது அரியலூர் வக்கீல் காசிநாதனிடம். ஜெயங்கொண்டத்தில் பதினெட்டு வருஷமாகக் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த மனுஷர் பஞ்சநாதன். இப்போது கம்ப்யூட்டர் வாங்கி, ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டு ஏற்றித் தருகிறார். போன வாரம் பக்கத்து ஊரில் அதே தொழில் செய்த இரண்டு பேரை போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனது. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"'இங்கு திருட்டு சிடி கிடையாது'ன்னு ஒரு போர்டு மாட்டுங்க" என்றார் வக்கீல்.

மாட்டினார். மறுநாளே ஏட்டு மாயவன் வந்து நின்றார்.

"கடைவீதியில வேற எவனும் எழுதலையே. நீங்க மட்டும் ஏன் எழுதியிருக்கீங்க?"

மறுபடி அரியலூர் பஸ்.

"அப்ப சொந்தமா பாட்டு போடுங்க. பாடுறவங்ககிட்ட பத்திரத்துல எழுதி வாங்கிட்டா உரிமை உங்களுது. எவன் கேப்பான்?"

ஜெயங்கொண்டத்தில் பாடகிக்கு எங்கே போவது? சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்கும் வீரம்மாள்தான் அகப்பட்டார். பன்னிரண்டு ஒப்பாரி ஒரு சிடியில் பதிவானது. 'இப்பாடல்களை உரிமையாளர் அனுமதியின்றி எங்கும் பாடமாட்டேன்' என்ற பத்திரத்தில் கைநாட்டும் வைத்தார்.

நாலாம் நாள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனார். வீரம்மாள் வந்தார், உட்கார்ந்தார், வாயையே திறக்கவில்லை. கேட்டால், "பஞ்சநாதன் அண்ணன் உத்தரவு வேணும்" என்றாராம். பத்துப் பேர் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"எங்கப்பா கெடக்குறாருங்க. அழுவுறதுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் முதல் தகவல் அவருக்குத்தான். கல்யாணப் பாட்டு பதிய வந்தவர்கள் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

"கடையை எழவு வூடாக்கிட்டீங்களே!" என்று மனைவி கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்கும் அழுகைதான் வந்தது. அதற்கு யாரிடம் சீட்டு வாங்குவது?

போதாக்குறைக்கு, உடையார்பாளையம் மைக்செட்காரர் அய்யம்பெருமாள் அந்த சிடியைக் காப்பி போட்டுத் துக்க வீடுகளில் அலறவிட்டார். கேள்விப்பட்டதும் வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"விடாதீங்க, புகார் குடுங்க. புகார் குடுத்தவரையே எந்தப் போலீசும் புடிக்காது."

பஞ்சநாதனுக்கு அன்றுதான் பயம் கொஞ்சம் விட்டது. பத்திரத்தோடு ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் அதை முழுசாகப் படித்துவிட்டு வீரம்மாளை வரவழைத்தார்.

"இந்தப் பாட்டெல்லாம் நீயே கட்டுனதாம்மா?"

வீரம்மாள் கும்பிட்டார்.

"எனக்கேதுங்கய்யா அம்புட்டு அறிவு? ஏதோ மெட்ராஸ் கம்பெனி ஒப்பாரின்னு அஞ்சு வருசம் முந்தி பஞ்சநாதன் அண்ணந்தான் கேசட்டுல பதிஞ்சு குடுத்தாரு, அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணுனதுங்க."